பொங்கலுக்குக் கேட்ட லீவு

கோவர்த்தனன் சார் கிட்ட கதை சொல்லக் கூடாது, கேட்டதுக்குப் பதில் சொல்லணும். இத எங்க கம்பெனியில அத்தனை பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்ததே நான்தான். அப்படிப்பட்டவ, எனக்குன்னு ஒண்ணு கேக்கப் போன அன்னிக்கு அவரு கிட்டயே கதை சொல்லி, என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கினேன்.

என் பேரு பிரேமலதா. சித்தூருக்கு வெளிய மாம்பழத்தக் கூழாக்கி டின்ல அடைச்சு அரபு நாட்டுக்கு அனுப்பற கம்பெனியில, பரிசோதனை ரூம்ல வேலை. அப்போ எங்க பக்கம் அந்த மாதிரி கம்பெனிங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கினே இருந்துச்சு. டின்னுங்க கப்பல் ஏறிச்சு, ஆம்பளைங்க ஏரோப்ளேன் ஏறினாங்க. எங்க ஊட்டுக்காரரு திருவேங்கடம் நாகலாபுரத்துக்காரரு, குவைத்துல லாரி ஓட்டறாரு. இன்னாடா இவ புருஷன் பேரச் சொல்றாளேன்னு பாக்காதீங்க, அந்த வெக்கத்த நான் தொலைச்சு ரொம்ப நாளாச்சு. எப்படித் தொலைச்சேன்னுதான் சொல்ல வர்றேன்.

சார் வேலூர்க்காரரு, மைசூர்ல படிச்சவரு. கெட்டவரு கிடையாது. கத்த மாட்டாரு, யாரையும் வாடி போடின்னு பேச மாட்டாரு. ஆனா அவரு கிட்ட பேசறதுக்குள்ள நமக்கு நாக்கு தள்ளிடும். நான் சேந்த புதுசுல ஒரு நாளு கூழு தண்ணியா வந்துச்சு. நான் போயி, "சார், காலையில பாகாலாவுல இருந்து லாரி வந்துச்சு சார், டிரைவர் சொன்னான் அங்க நேத்து நல்ல மழையாம், அப்பவே நான் நெனச்சேன் சார்"ன்னு ஆரம்பிச்சேன். கைய ஒசத்தி நிறுத்துனாரு. "சர்க்கரை எவ்வளவு காட்டுது?" அந்த நம்பரு என் கதையில கடைசியில வரணும். அங்க போயிச் சேர்றதுக்குள்ள அவரு எழுந்து மிஷினாண்ட போயிட்டாரு. எனக்கு அப்படியே வந்துச்சு கோவம். நாலு வார்த்த காது குடுத்துக் கேட்டா இன்னா கொறஞ்சா போயிடும்.

அப்புறம் கவனிச்சுப் பாத்தேன். மனுஷன் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். மொதல்ல நம்பரு, அப்புறம் காரணம், அப்புறம் நாம இன்னா செஞ்சோம், இன்னும் இன்னா வேணும். இந்த வரிசையில சொன்னா கேட்டதெல்லாம் குடுப்பாரு. "சார், சர்க்கரை கம்மி. மழைக்காயி. லாரிய ஓரங்கட்டிட்டேன். நேத்து பழுத்ததக் கலக்கட்டுமா?" "கலக்கு." முடிஞ்சுது வேலை.

பழம் பொறுக்கற ரத்தினம்மாக்கா எங்க நகரி பக்கத்துக்காரி. "இதென்னடி, மனுஷன் கிட்ட பேசறியா, தந்தி அடிக்கிறியா"ன்னு கேலி பண்ணுவா. ஆனா அவளுக்குக் கையொறை கிழிஞ்சா என் கிட்டதான் வருவா. நான் அவளுக்கும் சொல்லித் தருவேன். "யக்கா, கை எரியுது கண்ணு கலங்குதுன்னு அழாத. இத்தனை ஜோடி கிழிஞ்சிருக்குது, இத்தனை வேணும்னு சொல்லு." அவ சொன்னா, அன்னிக்கே வந்துச்சு. அதுல இருந்து கம்பெனியில யாருக்கு இன்னா வேணும்னாலும் மொதல்ல என் கிட்ட ஒரு வாட்டி சொல்லிப் பாத்துட்டுத்தான் சார் ரூமுக்குப் போவாங்க. எனக்கும் கொஞ்சம் தல கனமாத்தான் இருந்துச்சு.

அந்த வருஷம் சித்திரை கடைசியில ஊட்டுக்காரம்மா போனுக்கு குவைத்துல இருந்து அவரு பேசுனாரு. நான் சித்தூர்ல கட்டமஞ்சியில வாடகை ரூம்ல இருக்கேன், போனு கீழ் வீட்டுல. ஊட்டுக்காரம்மா பக்கத்துலயே அரிசி பொடைச்சிக்கினு நிக்கறா, அவ மொறம் கூட சத்தம் போடாம கேக்குது. அதுல புருஷன் கிட்ட இன்னாத்தப் பேசறது?

"சோறு துன்னியா?"ன்னேன்.

"துன்னேன். அங்க மழையா?"

"இல்ல. வெயிலு."

அப்புறம்தான் சொன்னாரு, அடுத்த மாசம் லீவுல வர்றேன், ஒரு மாசம் இருப்பேன்னு. ரெண்டு வருஷம் கழிச்சு. எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு. ஆனா வாயில வந்தது, "சரி, ஒடம்பப் பாத்துக்கோ." அப்புறம், "மொதலாளி இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போடச் சொல்றான். போட்டா லீவு தருவான், போடலன்னா ஒரேயடியா ஊருக்கு வந்துட வேண்டியதுதான். நான் திரும்பி வர்ற வரைக்கும், இங்க என் கூட இருக்கற தம்பி முரளி ஜாமீனா நிக்கணும்னு சொல்றான். இன்னா பண்ணட்டும்?"ன்னு கேட்டாரு. நான், "உன் இஷ்டம்யா"ன்னேன். எங்க பக்கம் பொம்பளைங்க அப்படித்தான் சொல்லுவோம். புருஷன் கேட்டா உன் இஷ்டம்னு சொல்றதுதான் மரியாதை. அதுக்கப்புறம் அவங்களா நம்ம மனசப் பாத்து முடிவு பண்ணணும். போன்ல எங்க மனசு தெரியறது.

அவரு வர்றது மாம்பழ சீசன் உச்சத்துல. அந்த நாள்ல செத்தாலும் லீவு கெடைக்காதுன்னு கம்பெனியில எல்லாருக்கும் தெரியும். காலையில இருட்டோட போயி, ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் ரூமுக்கு வர முடியும். ஆனா அந்த ஒரு மாசத்துல ஒரு வாரமாவது அவரு கூட இருக்கணும். பக்கத்துல ஒக்காந்து ஒரு வேளை சோறு போட்டு, அவரு துன்றதப் பாக்கணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதுக்கு மேல ஆண்டவன் கிட்ட கூட நான் கேக்கல.

சார் ரூமுக்குப் போனேன். போறதுக்கு முந்தியே எனக்குள்ள ஒருத்தி சொல்லிக்கினே வந்தா. இன்னாடி கேக்கப் போற? ஒரு ஆம்பளை கிட்ட போயி, என் புருஷன் வர்றாரு, அவரு கூட இருக்கணும், லீவு குடுன்னு கேப்பியா? வெளிய தெரிஞ்சா இவளுக்கு இன்னா அவசரம்னு சிரிக்க மாட்டாங்களா? அதோட, வெளிநாட்டுல இருந்து ஒருத்தரு வர்றதா இருந்தா, வந்து எறங்கற வரைக்கும் வெளிய சொல்ல மாட்டோம். கண்ணு பட்டா வர்றது தடங்கலாயிடும்னு ஒரு பயம். ஊர்ல ஒரு வேலைன்னுதான் சொல்லுவோம். கேக்கறவங்க நம்ம மூஞ்சியப் பாத்து, "யாராச்சும் வர்றாங்களா?"ன்னு கேப்பாங்க. நாம தலையக் குனிஞ்சிக்குவோம். அதுலயே எல்லாம் சொன்ன மாதிரி. அப்படித்தான் நான் பழகினது.

"சார், சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். என்ன விஷயம்?"

"அடுத்த மாசம் ஊர்ல ஒரு வேலை இருக்குது சார்."

"என்ன வேலை?"

என் மூஞ்சியப் பாக்கவே இல்ல, கையில இருந்த டின்னையே பாத்துக்கினு இருந்தாரு. என் தலை குனிஞ்சது தரைக்குத்தான் தெரியும். அப்போ வாயில வந்தத சொன்னேன். அது பொய்யும் இல்ல. "கெங்கம்மாவுக்குப் பொங்கல் வைக்கணும் சார். வேண்டுதல்."

"எந்தக் கிழமை?"

"செவ்வாக்கெழம சார்."

"எப்ப ஆரம்பிக்கும், எப்ப முடியும்?"

"காலையில வச்சா மத்தியானம் படையல் முடிஞ்சிடும் சார்."

கொஞ்சம் யோசிச்சாரு. "செவ்வாக்கிழமை தோறும் புத்தூருக்கு நம்ம ஜீப் போகுது. நாகலாபுரம் வரைக்கும் உன்னைக் கொண்டு போய் விடச் சொல்றேன். டிரைவர் பாலையா காத்திருந்து கூட்டிட்டு வந்துடுவான். சாயங்காலம் சர்க்கரை ரீடிங்குக்கு நீ இங்க இருக்கலாம். லீவே தேவையில்லை, சம்பளமும் பிடிக்க மாட்டாங்க." சொல்லிட்டு நிமிந்து பாத்தாரு. மூஞ்சியில அப்படி ஒரு திருப்தி. பாவி மனுஷன் எனக்கு நல்லது பண்ணிட்டதா நெனச்சிக்கினாரு. நான் இன்னா சொல்றது? "தேங்க்ஸ் சார்"ன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன்.

ரத்தினம்மாக்கா பெல்ட்டாண்ட பழம் பொறுக்கிக்கினு இருந்தவ என்னை ஒரு பார்வை பாத்தா. "இன்னாடி, குவைத்து வருதா?"ன்னா. அவ்வளவுதான், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கேக்க வேண்டியவரு கேக்கல, இவ கேட்டுட்டா.

அடுத்த மாசம் அந்த செவ்வாக்கெழம ஜீப்புல போனேன். எங்க ஊட்டுக்காரரு முந்தின நாளுதான் வந்து எறங்கியிருந்தாரு. வாசல் நெறைய ஜனம். சொந்தக்காரன், பக்கத்து ஊட்டுக்காரன், குவைத்துல தனக்கு ஒரு வேலை கெடைக்குமான்னு கேக்க வந்தவன், எல்லாரும் சுத்தி ஒக்காந்துக்கினு இருந்தாங்க. நடுவுல எங்காளு, கறுத்து இளைச்சு, புது சட்டை போட்டுக்கினு. என்னைப் பாத்ததும் எழுந்திரிக்கப் போயி, சபையில ஒரு மாதிரியா இருக்கும்னு திரும்ப ஒக்காந்துட்டாரு. நான் பொங்கல் வச்சேன், படைச்சேன், வந்தவங்களுக்கெல்லாம் எலை போட்டேன். அவரு எலையாண்ட வந்தப்போ கொஞ்சம் மெதுவா பரிமாறினேன். "இளைச்சிட்டியே"ன்னேன். "நீயுந்தான்"னாரு. வெளிய பாலையா ஆரன் அடிச்சான். சார் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் தவறக் கூடாதுன்னு அவனுக்கு. ஜீப்புல ஒக்காந்து புத்தூர் வரைக்கும் சாரைத் திட்டிக்கினே வந்தேன்.

அப்புறம் எங்க ஊட்டுக்காரரே சித்தூருக்கு வந்தாரு, என் ரூமுக்கு. அதுதான் இன்னும் கொடுமை. நான் கெளம்பும்போது அவரு தூங்கிக்கினு இருப்பாரு. நான் வரும்போது எனக்குக் கண்ணு நிக்காது. அவரு சோறு ஆக்கி வச்சிருப்பாரு, நான் தட்டுல கை வச்சபடியே தூங்கி வுழுவேன். ஒரு நாளு மத்தியானம் கம்பெனி கேட்டாண்ட வந்துட்டாரு. காவக்காரன் "எவரு காவாலி?"ன்னு தெலுங்குல, யாரு வேணும்னு கேட்டிருக்கான். இவரு, "பிரேமலதா"ன்னு சொல்லாம, "பரிசோதனை ரூம்ல இருக்கறவங்க"ன்னாராம். நான் ஓடுனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நானு, தலையில தொப்பி, கையில ஒறை, ஒடம்பெல்லாம் மாம்பழ வாசனை.

"இன்னாயா, இந்த வெயில்ல?"

"சும்மா. பாத்துட்டுப் போலாம்னு." உள்ள எட்டிப் பாத்தாரு. "உனக்கு இங்க நல்லா பழகிப் போச்சு இல்ல?"

"ஆமாய்யா, பழகிப் போச்சு"ன்னேன். நான் சலிச்சிக்கினு சொன்னேன். அவரு தலைய ஆட்டினாரு. உள்ள மணி அடிச்சுது, நான் ஓடிட்டேன். ராத்திரி ரூமுக்குப் போனா அவரு பை இல்ல. நைனாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஊருக்குப் போயிட்டாருன்னு ஊட்டுக்காரம்மா சொன்னா. அவங்க நைனா, அதான் என் மாமனாரு, அந்த செவ்வாக்கெழம ரெண்டு எலை சோறு துன்ன மனுஷன். அவருக்கு ஒடம்புக்கு இன்னா வந்துச்சு?

மறுநாளு காலையில சார் வந்து, "முதல் ரீடிங் எவ்வளவு?"ன்னாரு.

"ரீடிங் எடுக்கல சார். என் புருஷன் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கறாரு. நான் அவரு கூட இருக்கணும். அதுக்கு லீவு வேணும். என் கூட வேலை செய்யற ஷோபாவுக்கு ரீடிங் எடுக்கத் தெரியும், ஒரு வாரமா நான் பக்கத்துல வச்சு பழக்கிட்டேன். குடுக்க மாட்டீங்கன்னா வேலைய வுட்டுட்டுப் போறேன்."

சொல்லிட்டேன். ரத்தினம்மாக்கா கதவாண்ட நின்னு வாயப் பொத்திக்கினா.

சார் டின்ன கீழ வச்சாரு. "எவ்வளவு நாள்?"

"அவரு திரும்பிப் போற வரைக்கும்."

"ஷோபா காலையில பாக்கட்டும். சாயங்காலம் நான் பாத்துக்கறேன். இப்பவே கிளம்பு." அப்புறம், "அப்ப அந்தப் பொங்கல் பொய்யா?"ன்னு கேட்டாரு.

"பொங்கல் நெஜம் சார். ஆனா லீவு பொங்கலுக்கு இல்ல."

"நீ பொங்கல்னு சொன்ன. நான் பொங்கலுக்கு வழி பண்ணினேன்." கோவமா இல்ல, நெஜமாவே புரியாமதான் கேட்டாரு. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேனே லதா. சொல்லாதது எனக்குத் தெரியாது. எங்க வீட்டுலயும் இதே புகார்தான்."

அன்னிக்கே குடுத்திருப்பாராம். எனக்கு அவரு கழுத்த நெரிக்கணும் போலவும் இருந்துச்சு, கால்ல வுழணும் போலவும் இருந்துச்சு.

புத்தூர் போயி பஸ் மாறி நாகலாபுரம் போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது சாயற நேரம் ஆயிடுச்சு. வழி பூரா மாங்கா லாரிங்க, பஸ்ஸுக்கு வழி வுடாம. ஜன்னல்ல ஒக்காந்துக்கினு நான் மனசுக்குள்ள நாளெண்ணிப் பாத்தேன். இன்னும் பாதி மாசத்துக்கு மேல இருக்குது. தெனம் இன்னா கொழம்பு வைக்கறதுன்னு யோசிச்சேன். வரதய்யபாளையத்துல அவரு அக்கா ஊட்டுக்கு ஒரு நாளு ரெண்டு பேருமா போலாம். சிரிப்பு சிரிப்பா வந்துச்சு. பக்கத்துல ஒக்காந்தவ என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தா.

ஊட்டுக்குள்ள போனா அவரு பெட்டிக்குள்ள துணி அடுக்கிக்கினு இருந்தாரு.

"இன்னாயா இது?"

"மெட்ராஸ் போயி டிக்கெட்ட முன்னாடி மாத்திக்கினு வந்தேன். நாளைக்குக் காலையில காரு வருது. மொதலாளி கூப்ட்டான்."

முன்ன இருந்த பிரேமலதாவா இருந்தா, அப்படியான்னு கேட்டுட்டு, அடுப்பாண்ட போயி அழுதிருப்பா. நான் பெட்டிய மூடி அது மேல ஒக்காந்துட்டேன். "மொதலாளி கூப்ட்டானா, நீயா போறியா? ஒண்ணு சொல்லு."

அவரு சொவத்தப் பாத்தாரு, கதவப் பாத்தாரு. வெளிய நைனா இருமற சத்தம் கேட்டுச்சு. நான் எழுந்திரிக்கல.

"நானாத்தான் போறேன்."

"எதுக்கு?"

கையில இருந்த சட்டைய மடிச்சிக்கினே சொன்னாரு. "அங்க இருந்தா, நீ இங்க எனக்காக காத்துக்கினு இருக்கறன்னு நெனச்சிக்கலாம். அத நெனச்சிக்கினே வண்டி ஓட்டிடலாம். இங்க வந்து பாத்தா அப்படித் தெரியல."

என்னை அறைஞ்சிருந்தா கூட தாங்கியிருப்பேன். ரெண்டு வருஷமா, ஒவ்வொரு டின்னும் போகும்போது, இது அவரு இருக்கற ஊருக்குப் போகுமா, அவரு கண்ணுல படுமான்னு பாத்துக்கினு நின்னவ நான். அத யாரு கிட்ட சொன்னேன்? அவரு கிட்ட சோறு துன்னியான்னு கேட்டேன். மழையான்னு கேட்டதுக்கு வெயிலுன்னு சொன்னேன்.

"காத்துக்கினுதான்யா இருக்கேன்"ன்னேன். "தெனமும் காத்துக்கினுதான் இருக்கேன். லீவு வாங்கிக்கினு வந்திருக்கேன், நீ போற வரைக்கும். வேலைய வுட்டுடறேன்னு கூட சொல்லிட்டு வந்தேன். நீ போகாத."

அவரு தரையில ஒக்காந்துட்டாரு. மூஞ்சியத் தூக்கி என்னைப் பாத்த பார்வை, கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படிப் பாக்கல. "இந்த வார்த்தைய அன்னிக்குப் போன்ல சொல்லியிருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன் லதா. உன் இஷ்டம்னு சொல்லிட்ட. உனக்கு நான் வந்தா ஒண்ணு, வராட்டி ஒண்ணுன்னு நெனச்சிக்கினேன்."

"இப்போ சொல்றேனே. போகாத."

"முரளி அங்க என் பேர்ல நிக்கறான். நான் போகலன்னா அவன வெளிய வுட மாட்டாங்க. டிக்கெட்டும் மாத்தியாச்சு, நாளைக்கு வர்றேன்னு மொதலாளிக்கு போன் பண்ணி சொல்லிட்டேன். இனிமே மாத்த முடியாது."

அந்த ராத்திரியப் பத்தி உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது எங்க ரெண்டு பேரோடது. காலையில நான் பக்கத்துல ஒக்காந்து சோறு போட்டேன். அவரு துன்னாரு, நான் பாத்தேன்.

தெரு முனையில காரு சத்தம் கேட்டதும் கை கழுவிட்டு வந்தாரு. பெட்டிய எடுத்தாரு, திரும்பக் கீழ வச்சாரு. வாசல்ல நைனா நிக்கறாரு, பக்கத்து ஊட்டு ஜனம் நிக்குது. அத்தனை பேரு முன்னாடி என் கிட்ட வந்து, "அத இன்னொரு வாட்டி சொல்லு"ன்னாரு.

"போகாத"ன்னு சொன்னேன்.

"இன்னொரு வாட்டி."

யாரு பாக்கறாங்க, யாரு சிரிக்கறாங்கன்னு நான் பாக்கல. காரு கதவு சாத்தற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தேன். அவரு ஒவ்வொண்ணையும் நின்னு கேட்டுக்கினாரு. கேட்டுட்டுப் போயிட்டாரு.